சேவலா, பெட்டையா: எந்த வயதில், எதை நம்பிப் பிரிப்பது?

நான்கு வாரக் குஞ்சுகள் பத்து வாங்கி வருகிறீர்கள். இதில் எத்தனை பெட்டை? புறக்கடையில் கோழி வளர்க்கத் தொடங்கும் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். பாதிக்குப் பாதி என்பார் விற்றவர். சராசரியாகப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் பத்துக் குஞ்சில் சரியாக ஐந்துக்கு ஐந்து அமைவது நான்கு தடவைக்கு ஒரு தடவைதான். ஏழோ அதற்கு மேலோ சேவலாகிப்போவது ஏறக்குறைய ஆறு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் வரும் கணக்குதான் இது. விற்றவர் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆக, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதோடு, எப்போது தெரிந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. பொரித்த அன்றே பார்க்க ஒரு வழி உண்டு, ஆறாவது வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று, கூவட்டும் என்று காத்திருப்பது இன்னொன்று. தாமதமாக ஆக நிச்சயம் கூடும். அதுவரை தீவனச் செலவும் இட நெருக்கடியும் கூடும். எது உங்களுக்குச் சரி என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: கோழி எந்த வகை, எதற்காக வளர்க்கிறீர்கள், சேவல் கூவினால் பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கலப்பு நாட்டுக்கோழிக்கு முதல் நாள் முறைகள் எதுவும் உதவாது, ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர. ஆறு முதல் எட்டு வாரத்தில் கொண்டையைப் பார்த்து உத்தேசமாக அடையாளம் போட்டுக்கொள்ளலாம். விற்பதோ அறுப்பதோ கைமாற்றுவதோ, திரும்பப் பெற முடியாத எந்த முடிவையும் பன்னிரண்டு முதல் பதினான்கு வாரத்தில் முதுகு இறகைப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். இனி காரணங்கள்.

முட்டையிலேயே பார்ப்பது

கூர்முனை முட்டை வைத்தால் சேவல், உருண்டை முட்டை வைத்தால் பெட்டை என்று அடை வைக்கும்போதே தரம் பிரிக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அரிஸ்டாட்டில் இதையே தலைகீழாக எழுதினார்: நீண்டு கூர்மையானது பெட்டையாம், உருண்டையானது சேவலாம். இரண்டு பக்கமும் தவறு. முட்டையின் வடிவத்தைத் தீர்மானிப்பது தாய்க்கோழியின் கருக்குழாய். அடுத்தடுத்து வரும் முட்டைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருப்பது அதனால்தான். குஞ்சு ஆணா பெண்ணா என்பது அதற்கெல்லாம் முன்பே, கருமுட்டையிலேயே முடிவாகிவிடுகிறது. நூலில் மோதிரம் கட்டி முட்டைமேல் ஆட்டிப் பார்ப்பதும், குஞ்சைப் பிடரியில் தூக்கிக் கால் எப்படித் தொங்குகிறது என்று பார்ப்பதும் இதே ரகம். செலவில்லை, தீங்கும் பெரிதாக இல்லை, பாதி தடவை சரியாகவும் வரும்! அதனால்தான் இன்னும் பிழைத்திருக்கின்றன.

பொரித்த அன்றே: மூன்று முறைகள், ஒரு விதிவிலக்கு

பண்ணை உலகில் முதல் நாளே பிரிப்பது அன்றாட வேலை. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, குஞ்சின் ஆசனவாயை மெல்ல விரித்து உள்ளே இருக்கும் சிறு மேட்டைப் பார்ப்பது. ஜப்பானில் கியோஷி மசூயி என்ற பேராசிரியரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1920களில் கண்டுபிடித்து உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த முறை. தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பார்ப்பார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கும். ஆனால் அந்த மேடு குண்டூசித் தலை அளவுதான். அதிலும் பல வடிவங்கள் உண்டு, சில பெட்டைகளிலும் சிறிதாகத் தெரியும். இந்தக் கை பழக வருடக்கணக்கில் ஆகும். பொரித்து ஒரு நாள் கடந்துவிட்டால் பார்ப்பதும் கடினம். வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டில் முயன்றால் குஞ்சின் குடலுக்குக் காயம் ஏற்படலாம். பத்துக் குஞ்சுக்காக இதில் இறங்கவே வேண்டாம்.

இரண்டாவது, இறக்கை இறகு. முதல் இரண்டு மூன்று நாட்களில் இறக்கையை விரித்துப் பார்த்தால் இரண்டு வரிசை இறகுகள் தெரியும். நீண்ட வரிசையும் அதை மூடும் சிறு வரிசையும் தெளிவாக ஏற்ற இறக்கமாக இருந்தால் பெட்டை, இரண்டும் சம நீளமாக இருந்தால் சேவல் என்பார்கள். யூடியூபில் மிக அதிகமாகப் பரவியிருப்பது இதுதான், மிக அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். இறகு சீக்கிரம் முளைக்கும் சேவலையும் தாமதமாக முளைக்கும் பெட்டையையும் திட்டமிட்டு இணைத்த பண்ணை ரகங்களில் மட்டுமே இது வேலை செய்யும். அந்த இணைப்பில் மகன்கள் தாயின் தாமத குணத்தை வாங்கிக்கொள்வார்கள், மகள்கள் தகப்பனின் வேகத்தை வாங்கிக்கொள்வார்கள். தெருவில் எந்தச் சேவல் எந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்றே தெரியாத நாட்டுக்கோழிக் குஞ்சில், இறக்கை உங்களுக்குச் சொல்வது ஒன்றுமில்லை.

மூன்றாவது நிறம். நான் சொன்ன விதிவிலக்கு இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மனிதரில் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தகப்பனிடமிருந்து வரும் குரோமோசோம். கோழியில் அது தாயிடமிருந்து வருகிறது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாயிடம் இருக்கும் அந்த ஒற்றை இசட் மகனுக்கு மட்டுமே போகும், மகளுக்குப் போகவே போகாது. அந்த இசட்டில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு குணம் இருந்து, தகப்பனிடம் அது இல்லாமலும் இருந்தால், அந்தக் குணம் தெரியும் குஞ்சுகள் எல்லாம் சேவல்கள். கறுப்பு இறகில் குறுக்கே வெள்ளை வரி ஓடும் குணம் அப்படிப்பட்டது. பிளைமவுத் ராக் கோழியின் வரி இதுதான். நாட்டுக்கோழிக் கூட்டங்களிலும் வெளி ரத்தம் கலந்த சாம்பல் வரிப் பெட்டைகளை அங்கங்கே பார்க்கலாம்.

உங்களிடம் அப்படி ஒரு வரிப் பெட்டையும், வரியே இல்லாத செவலைச் சேவலோ கறுப்புச் சேவலோ இருந்தால், அந்தப் பெட்டையின் முட்டைகளைத் தனியாக எடுத்து அடை வையுங்கள். குஞ்சு கறுப்பாகப் பொரித்தால் சேவல் குஞ்சின் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். தூவி நிறம் கலந்து பொட்டு தெளிவாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று நான்கு வாரத்தில் இறகு முளைக்கும்போது வரி தெரிந்தது சேவல், தெரியாதது பெட்டை. இரண்டு எச்சரிக்கைகள். தகப்பன் வெள்ளைச் சேவலாக இருந்தால் அது தன் வெள்ளைக்கு அடியில் வரியை மறைத்து வைத்திருக்கலாம், கணக்கு குழம்பும். தலைகீழாக, தகப்பனுக்கு வரியும் தாய்க்கு வரியின்மையும் என்றால் குஞ்சை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அப்புறம், ஊர்ச் சேவல் எதுவும் சுவர் ஏறி வரக்கூடாது. தெருவில் மேயவிட்டு வளர்ப்பவர்களுக்கு இது நடைமுறையில் கடினம்தான். வேலி போட்டு ஒரே சேவல் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மலிவான, நிச்சயமான முறை வேறு இல்லை.

முதல் நாளே பாலினம் தெரிந்த குஞ்சு இன்னொரு வகையும் நம் தெருக்களில் கிடைக்கிறது. பச்சை, ரோஸ், மஞ்சள் சாயம் பூசி சைக்கிளில் வரும் கலர் கோழிக்குஞ்சுகள். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பெட்டைகளைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் ஆண் குஞ்சுகள்தான் பெரும்பாலும் அப்படி வருகின்றன. முட்டையிடாது, கறிக்கோழி வேகத்தில் சதையும் வைக்காது, அதனால் பண்ணைக்கு அது வேண்டாத குஞ்சு. இந்தக் குஞ்சுகளைக் கொல்வதை எதிர்த்துத்தான் ஜெர்மனி 2022 முதல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே இப்போது முட்டைக்குள்ளேயே பாலினம் பார்க்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. நம் வீட்டில் பிள்ளைகள் அழுது வாங்கிய பச்சைக் குஞ்சு தப்பிப் பிழைத்தால், அது வெள்ளைச் சேவலாக நிற்கும் என்று தயாராக இருங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம்: கொண்டை

பெரும்பாலானோர் நம்புவது கொண்டையைத்தான். அதில் தவறில்லை, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

கொண்டையும் தாடியும் வளர்வதும் சிவப்பதும் ஆண் ஹார்மோனால். சேவல் குஞ்சில் அது முன்னதாகவே சுரக்கத் தொடங்கிவிடுகிறது. ஐந்தாறு வாரத்தில் அதன் கொண்டை பருத்து, இளஞ்சிவப்பு மாறி நல்ல சிவப்புக்கு வரும், அலகுக்குக் கீழே தாடி எட்டிப்பார்க்கும். அதே வயதுப் பெட்டையில் கொண்டை சிறிதாக, வெளிறிய மஞ்சளாகவோ மங்கலான ரோஸாகவோ இருக்கும். ஆனால் முட்டைக்கு வரும் நேரத்தில் பெட்டைக்கும் கொண்டை சிவந்து பெரிதாகும். நாட்டுப்பெட்டைக்கு அது ஐந்தாறு மாதத்தில் நடக்கும். ஆகவே கொண்டை ஒரே பொரிப்பில், ஒரே வயதில் இருப்பவற்றை ஒப்பிட மட்டுமே பயன்படும். எட்டு வாரக் குஞ்சையும் பன்னிரண்டு வாரக் குஞ்சையும் ஒரே கூட்டில் விட்டுவிட்டு ‘இதன் கொண்டைதான் சிவப்பு’ என்று சொல்வதில் பொருளில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் கோழியின் வகை. கத்திப்பூ என்று சொல்லும் ஒற்றை நிமிர்ந்த கொண்டை இருக்கும் சிறுவிடைக் கோழிகளில், அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழிகளில், ஆறாவது வாரத்தில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அசீல் என்ற சண்டைக்கோழி ரத்தம் உள்ள பெரிய உடம்பு வகையான பெருவிடையில் கொண்டை தலையோடு ஒட்டிக் குட்டையாக இருக்கும். சேவலிலேயே அது பெரிதாக வளராது, தாடியும் பெயருக்குத்தான். எட்டாவது வாரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பத்துப் பன்னிரண்டு வாரம் வரை பொறுத்தால்தான் அகலத்தில் வித்தியாசம் வரும். சதை வரை கறுப்பான கடக்நாத் கோழியில் இன்னொரு தொல்லை. அதன் கொண்டை கறுப்பும் ஊதாவும் கலந்த நிறம், சிவப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அங்கே நிறத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் பார்க்க வேண்டும்.

கொண்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. கால் தடிமன் நல்ல துணைச் சாட்சி, குறிப்பாகப் பெருவிடையில். ஒரே பொரிப்பில் முழங்காலுக்குக் கீழே தடித்து, விரல் நீண்டு, எடையும் கூடியிருப்பது பெரும்பாலும் சேவல். வாலும் சேதி சொல்லும்: பெட்டைக் குஞ்சுக்கு வாலும் முதுகு இறகும் சீக்கிரம் முளைத்து அதுவே சின்னக் கோழியாகத் தெரியும்போது, சேவல் குஞ்சு மொட்டை வாலோடு, தோளில் இறகு சரியாக மூடாமல் அலங்கோலமாக நிற்கும். கனத்த ரகங்களில் இது நன்றாகத் தெரியும், சிறுவிடையில் அவ்வளவு இல்லை.

நிறத்தில் ஒரு அடையாளம் சொல்கிறேன். இதை ஏனோ யாரும் அதிகம் சொல்வதில்லை. தாய்க்கோழி தவிட்டு நிறத்தில் புள்ளி புள்ளியாக, மார்பு செம்பழுப்பாக இருக்கும் வகை என்றால், அதன் சேவல் குஞ்சுகளுக்கு ஆறேழு வாரத்தில் மார்பில் கறுப்பு இறகு திட்டுத்திட்டாக வரும், இறக்கையின் தோள்பட்டையில் அடர்சிவப்பு இறகு எழும்பும். பெட்டை மார்பு பழுப்பாகவே இருக்கும், தோளில் அந்தச் சிவப்புத் திட்டு வராது. கொண்டை சந்தேகமாக இருக்கும்போது இந்தத் தோள் சிவப்பை நான் அதிகம் நம்புவேன். முழுக் கறுப்பு, முழு வெள்ளைக் கோழிகளில் இது கிடைக்காது.

நிமிர்ந்து நிற்பது, கையை நீட்டினால் ஓடாமல் எதிர்த்து வருவது, இன்னொரு குஞ்சோடு கழுத்தை நீட்டிச் சண்டைக்கு நிற்பது, இவையெல்லாம் சேவல் குணம் என்பார்கள். பெருவிடையில் பெட்டையே அப்படித்தான் நிற்கும், சண்டையும் போடும். குணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சரி, இந்த வயதில் தெரிந்ததை என்ன செய்வது? காலில் கலர் வளையமோ நூலோ போடுங்கள். சேவல் என்று தோன்றியதற்கு ஒரு நிறம், பெட்டைக்கு இன்னொன்று, தெரியாததற்கு எதுவும் வேண்டாம். நூல் என்றால் வாரம் ஒரு முறை தளர்த்திக் கட்ட வேண்டும். கால் வளர வளர நூல் சதைக்குள் இறங்கிவிடும், கவனிக்காமல் விட்டால் கோழி நொண்டும். வாரம் ஒரு நாள் ஒரே பக்கத்திலிருந்து போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. கொண்டையின் அளவைவிட அது எந்த வேகத்தில் வளர்கிறது என்பதுதான் தெளிவாகச் சொல்லும், அது படங்களை அடுத்தடுத்து வைத்தால்தான் தெரியும்.

பன்னிரண்டு முதல் பதினான்கு வாரம்: முதுகு இறகு

என் கையில் முடிவு இருந்தால், கோழியைத் தூக்கி முதலில் பார்ப்பது வாலுக்கு முன்னால், இடுப்பின் மேல் படிந்திருக்கும் இறகுகளை. சேவலுக்கு அங்கே ஒல்லியான, நீண்ட, நுனி கூரான, பளபளக்கும் இறகுகள் முளைத்து இரண்டு பக்கமும் வழிந்து தொங்கும். பெட்டைக்கு அதே இடத்தில் அகலமான, நுனி உருண்ட, உடம்பின் மற்ற இடங்களில் இருப்பது போன்ற இறகுதான் இருக்கும். கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் உண்டு, ஆனால் பெட்டையின் கழுத்து இறகும் ஓரளவு கூராகத்தான் இருக்கும், அதனால் கழுத்தை வைத்துக் குழம்பிப்போவோம். இடுப்பில் குழப்பமே இல்லை.

கோழியின் இறகு இயல்பிலேயே சேவல் இறகாக முளைக்கக்கூடியது. பெட்டையின் சூற்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் அதை உருண்டையாக, மங்கலாக மாற்றுகிறது. ஆகவே கூரான இடுப்பு இறகு என்றால், இந்த உடம்பில் பெண் ஹார்மோன் வேலை செய்யவில்லை என்று பொருள். கொண்டை அப்படி இல்லை. தீவனம் நன்றாக இருந்தால் வளரும், நோய் வந்தால் சுருங்கும், வகைக்கு வகை மாறும். இடுப்பு இறகு இவற்றுக்கெல்லாம் அசைவதில்லை. சேவலுக்கே பெட்டை இறகு வரும் வகைகள் உலகில் உண்டு, இங்கிலாந்தின் செபிரைட் போல. ஆனால் நம் ஊரில் வளர்க்கும் சிறுவிடை, பெருவிடை, கடக்நாத், கிராமப்பிரியா, வனராஜா, மொட்டைக்கழுத்து எதிலும் அந்தத் தொல்லை இல்லை. மொட்டைக்கழுத்துக் கோழியில் கழுத்து இறகே இருக்காது, அதற்கும் இடுப்புதான் கதி.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன். வெயிலில் பாருங்கள், கூட்டுக்குள் இருட்டில் வேண்டாம். கோழியைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்து, இடுப்பு இறகில் நாலைந்தை விரலால் மேல்நோக்கித் தள்ளினால் அடியிலிருந்து புதிதாக முளைப்பவை தெரியும். பத்தாவது வாரத்திலேயே பழைய குஞ்சு இறகுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு கூர் இறகு எட்டிப்பார்க்கும். ஒன்று தெரிந்தாலே போதும், அது சேவல். ஒன்றும் தெரியவில்லை என்றால் உடனே பெட்டை என்று எழுதிவிடாமல் பதினான்காவது வாரம் வரை விட்டுவிடுங்கள். பெருவிடையில் இன்னும் இரண்டு வாரம் கூடக் கொடுக்கலாம், அது எல்லாவற்றிலும் தாமதம்தான். வாலில் வளைந்து தொங்கும் இறகுகள் வருவது இதற்குப் பிறகு. அப்போது தெருவில் போகிறவருக்கே தெரிந்துவிடும்.

கூவும் வரை காத்திருப்பது

மூன்று மாதத்தில் தொண்டை கட்டியது போல ஒரு அரைக் கூவல் கூவும் சேவல்களும் உண்டு, ஐந்து மாதம் வரை வாயே திறக்காதவையும் உண்டு. பெரிய சேவல் ஒன்று கூட்டத்தில் இருந்தால் சின்னவை அடங்கியே இருக்கும். அதனால் கூவவில்லை என்பது பெட்டைக்கு அத்தாட்சி இல்லை. பெட்டை கூவுவதும் அபூர்வமாக நடக்கும். கோழிக்கு இடது சூற்பை ஒன்றுதான் வேலை செய்கிறது, நோயால் அது கெட்டுப்போனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, கொண்டை வளர்ந்து, இறகு கூராகி, கூவவும் தொடங்கும். அது வயதான பெட்டையின் கதை, குஞ்சு வாங்குபவர் கவலைப்பட வேண்டியதில்லை. கால் முள்ளும் அப்படித்தான். வயதான பெட்டைக்கும் முள் வரும், இளம் சேவலுக்கு இன்னும் வந்திருக்காது. இளங்கோழியைப் பிரிக்க அதனால் பயனில்லை.

காத்திருப்பதில் செலவு மட்டும் பிரச்சினை இல்லை. நாலு மாதம் தாண்டினால் சேவல்கள் ஒன்றையொன்று கொத்தும், வெடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகளை, துரத்தி முதுகு இறகைப் பிடுங்கும். தீவனமும் பிரிய வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம், வளரும் கோழிக்கும் சேவலுக்கும் நெடுநாள் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். எல்லாம் ஒன்றாகத்தான் மேயும் என்றால் வளர்தீவனத்தையே தொடர்ந்து கொடுத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். முட்டையிடும் கோழி தேவைக்கு அதில் கொத்திக்கொள்ளும்.

அப்படியானால் யாருக்கு எது?

வீட்டு முட்டைக்காக நாலு கோழி போதும், இடம் குறைவு, சேவலே வேண்டாம் என்பவர்கள் குஞ்சு வாங்கவே வேண்டாம் என்பேன். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, அடை வைக்க மட்டும்தான் தேவை. மூன்றரை நான்கு மாத வெடைக்கோழியாக வாங்குங்கள். குஞ்சைவிட விலை பல மடங்குதான். ஆனால் பத்துக் குஞ்சு வாங்கி, வழியில் இரண்டு செத்து, மிச்சத்தில் பாதி சேவலாகி, நான்கு மாதம் எல்லாவற்றுக்கும் தீவனம் போட்ட கணக்கையும் சேர்த்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் வராது. திண்டுக்கல் பக்கம் அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தை போல ஆடு கோழிக்கென்றே கூடும் சந்தைகளில் இந்த வயதுக் கோழி தாராளமாகக் கிடைக்கும். “எல்லாம் வெடைதான்க்கா, கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க” என்பார் வியாபாரி. “சரிண்ணே, அந்தச் செவலையக் கொஞ்சம் கையில கொடுங்க, முதுகப் பார்த்துக்கிறேன்” என்று கேட்டு வாங்கி, மேலே சொன்னபடி இடுப்பு இறகைத் தள்ளிப் பாருங்கள். கையில் கொடுக்கத் தயங்கும் வியாபாரியிடம் வாங்க வேண்டாம். காலைக் கட்டிக் குவியலாகப் போட்டிருப்பதில் கொண்டையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவை எல்லாம் ஒரே வயது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நகரத்தில் மொட்டைமாடியில் வளர்ப்பவர்களுக்கும் இதே பதில், இன்னும் அழுத்தமாக. அதிகாலை நாலரைக்குக் கூவும் சேவலைப் பக்கத்து வீட்டார் ஒரு வாரம் பொறுப்பார்கள், அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஏற்கெனவே குஞ்சாக வாங்கிவிட்டீர்கள் என்றால் ஆறாவது வாரக் கொண்டையிலேயே சந்தேகத்துக்குரியவற்றுக்கு ஊரில் ஒரு இடம் பேசி வையுங்கள். பத்தாவது வாரத்தில் இடுப்பில் கூர் இறகு தெரிந்தவற்றை அப்போதே அனுப்பலாம், அதற்குள் பெரும்பாலானவை கூவத் தொடங்கியிருக்காது.

கிராமத்தில் இடம் இருக்கிறது, கறிக்கும் விற்பனைக்கும் சேர்த்துத்தான் வளர்க்கிறோம் என்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் அவசரமே இல்லை. சேவலுக்கு எப்போதும் விலை உண்டு. ஆடியிலும் தீபாவளிக்கும் தேடி வருவார்கள். கருப்பசாமிக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்துகொண்டவர்கள் நிறம் சொல்லிக் கேட்பார்கள். வருடத்துக்கு அறுபது எண்பது முட்டையிடும் நாட்டுப்பெட்டையைவிட, கொழுத்த சேவல் ஒன்று அந்த மாதத்தில் கைக்குக் காசு தரும். இவர்கள் ஆறாவது வாரத்தில் எதுவும் செய்ய வேண்டாம், பதினான்காவது வாரத்தில் ஒரே தடவை முதுகைப் பார்த்துப் பிரித்தால் போதும்.

முட்டைக்காக மட்டும் ஐம்பது நூறு என்று வளர்க்க நினைப்பவர்கள் நாட்டுக்கோழியின் ஆண் பெண் கணக்கோடு மல்லுக்கட்டாமல், பொரிப்பகத்திலேயே பிரித்துக் கொடுக்கும் பெட்டைக் குஞ்சுகளாகக் கேட்டு வாங்கலாம். ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா முட்டையை மனதில் வைத்து வந்த ரகம், வனராஜா கறிக்கும் முட்டைக்கும் சேர்த்து. வாங்கும்போது பிரித்த குஞ்சா, பிரிக்காத குஞ்சா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டுக்கும் விலை வேறு. பிரிக்காததைப் பிரித்த விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள், ரசீதில் எழுதித் தரச் சொல்வது நல்லது.

விலை உயர்ந்த கிளிமூக்கு விசிறிவால் ரகக் கோழிக்குஞ்சு வாங்குபவர்கள் மட்டும் இறகைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்வது பற்றி யோசிக்கலாம். கிளி வளர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். எந்த வயதிலும் சொல்லிவிடும். சந்தைக்கோழிக்கு அது கோழி விலையையே தாண்டலாம், பேச்சே வேண்டாம்.

பிரித்த பிறகு எத்தனை சேவலை நிறுத்துவது என்ற கேள்வி வரும். அடை வைத்துக் குஞ்சு எடுப்பதாக இருந்தால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதையும் வேறு வீட்டுப் பொரிப்பிலிருந்து மாற்றி எடுங்கள், கூடப் பிறந்த பெட்டைகளோடு விட்டால் ரத்த உறவு கூடிக் குஞ்சு நலிந்துபோகும். மிச்சச் சேவல்களை ஒரே நாளில் சேர்த்து வெளியே எடுங்கள். ஒன்றை மட்டும் ஒரு வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டால், கூடவே வளர்ந்ததாக இருந்தாலும் மற்றவை அதைப் புதுச் சேவலாக நினைத்து அடிக்கும். பெருவிடை என்றால் நாலு மாதத்துக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறு, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில்.